அமாவாசையன்று அடைக்காத குழாய்

ராமேஸ்வரத்தில் நாங்கள் குடியிருந்தது, ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த ஆறு வாடகை வீடுகளில் ஒன்று. தெருவைப் பார்த்த முன்பக்கத்தில் ஒரு மெஸ். ஆறு வீட்டுக் கழிவும் மெஸ்ஸில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒரே குழாயில்தான் போகும். அந்தக் குழாய்க்கு யாரும் பொறுப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவே என் அம்மா பொறுப்பானாள்.

சனிக்கிழமைதோறும் நான்கு சிமெண்டு மூடிகளையும் கம்பியால் நெம்பித் திறப்பாள். எங்கள் ஊரில் எல்லார் காலோடும் வீட்டுக்குள் வந்துவிடும் கடல்மணல், கழுவக் கழுவக் குழாயில் போய்ப் படியும். அதைச் சிரட்டையால் அள்ளுவாள். மெஸ் தொட்டியின் வாயில் சோற்றுப்பருக்கை போகாதிருக்க, புதுமடத்து மீனவர்களிடம் கேட்டு வாங்கிய பழைய மீன்வலைத் துண்டைக் கட்டியிருந்தாள். கடைசியாக ஒரு வாளி வெந்நீர்.

அபிராமத்திலிருந்து வந்த பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண் செய்கிற வேலையா இது என்று கேட்டாள். தண்ணீர் வருமுன்னே நம் ஊரில் வாய்க்காலைத் தூர் வாருவதில்லையா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். பெரியம்மா அன்று காபி குடிக்காமலே பஸ் ஏறிவிட்டாள்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் மதியமே ஊர் நிரம்பிவிட்டது. பாத்திரம் கழுவுவதை அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லி அம்மா மெஸ்காரரிடம் கேட்டாள். பந்திக்கு ஆள் நிற்கிறது, முடியாது என்றார் அவர்.

"தண்ணி ஓடிக்கிட்டுத்தானம்மா இருக்கு? இப்ப எதுக்குத் தோண்டுற?"

"ஓடுறப்பத்தாண்ணே பாக்கணும். நின்ன பெறகு பாத்து என்ன செய்ய?"

சொல்லிவிட்டு அம்மா அங்கேயே நின்றாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பாத்திரம் கழுவும் தண்ணீர்க் குழாயை மூடினார். அம்மா கம்பியை விட்டு இழுக்க, கழிவுக் குழாயின் வளைவுக்குள்ளிருந்து கறிவேப்பிலையும் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்புக் கட்டிபோல இறுகி, தேங்காய் அளவுக்கு வெளியே வந்தது. மெஸ்காரர் தானே போய் அடுப்பில் வெந்நீர் வைத்தார்.

மறுநாள் விடிந்தபோது எதிர் லாட்ஜில் குழாய் அடைத்துக்கொண்டு, கழிவுநீர் படியிறங்கித் தெருவுக்கு வந்திருந்தது. வெளியூர்ப் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். அப்பா எங்கள் காம்பவுண்டு கேட்டைத் திறந்துவிட்டார். பொழுது சாயும்வரை ஆறு வீட்டுக் கக்கூஸிலும் வரிசை நின்றது, மெஸ்ஸும் ஓயவில்லை. குழாய் அத்தனையையும் வாங்கிக்கொண்டது. எங்கள் மூடிகளின் மேலேயே நின்றவர்கள் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நான் மட்டும் கோயில் தர்மகர்த்தா மாதிரி அங்குமிங்கும் நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அம்மா கேட்குமுன்னே மெஸ்காரர் கம்பியோடு வந்து நின்றார். அம்மா சிரிக்காமல் முதல் மூடியைக் காட்டினாள். எனக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து, ஊரே அடைத்தபோதும் எங்கள் குழாய் அடைக்கவில்லை, என் அம்மாதான் அதைச் சுத்தம் செய்கிறாள் என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அமாவாசையன்று லாட்ஜ் லாட்ஜாகக் கூப்பிட்டு, அடைப்பெடுக்கக் குழிக்குள் இறக்கியது அவளுடைய அப்பாவைத்தான். இடைவேளையில் அவள் என்னிடம் வந்தாள்.

"ஒங்க வீட்டுக்கு எங்கப்பாவக் கூப்பிடவே இல்லையா?"

கூப்பிட வேண்டியதே இல்லை, எப்போதும் கூப்பிட மாட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் தன் பையை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வருஷம் முடியும்வரை அங்கேதான் உட்கார்ந்தாள். எங்கள் குழாயின் புகழ் கடைசி பெஞ்சுவரை எட்டிவிட்டது என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.