என் கையில் ஓடும் மோட்டார்

டயாலிசிஸ் ஊசிக்காக என் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அங்கே காதை வைத்தால் கிர்ரென்று சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றியவர். காதை வைத்தே பழுது சொல்லிவிடுவார். தினமும் காலையில் காபிக்கு முன்னால் என் கையிலும் காதை வைப்பார். மருமகள் பார்த்தால் வெட்கமென்று, கதவைச் சாத்தினால்தான் கையைக் கொடுப்பேன்.

போன மாதம் ஒருநாள் அவர் காதை எடுக்கவே இல்லை.

"சத்தம் மாறிக் கீது மே. கீச்சுகீச்சுன்னு கேக்குது. கெளம்பு."

அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டரும் குழாய் சுருங்கிவிட்டது என்றார். அடைத்துக்கொண்டால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் டியூப் போட வேண்டுமாம். கையை அறுத்துத்தான் சரிசெய்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் கத்தியே வைக்கவில்லை. கையை மரத்துப்போகச் செய்து, சின்னத் துளை வழியாகக் குட்டி பலூனை அனுப்பி, சுருங்கிய இடத்தில் ஊதி விரித்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வார்டுக்கு வந்ததும் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். அதற்குள் இவர், அத்தனை பேர் நடுவில், குனிந்து என் கையில் காதை வைத்துவிட்டார்.

"இன்னாங்க இது, எல்லாரும் பாக்குறாங்க!"

"கம்முனு இரு மே, கேக்க வுடு."

டாக்டர் காத்திருந்தார். நர்ஸ் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"புது மோட்டார் சார்!" என்று இவர் நிமிர்ந்ததும் வார்டே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே எனக்கும் சிரிப்புத்தான்.

மறுநாள் காலையில் அவர் கதவைச் சாத்தப் போனார்.

"தொறந்தே இருக்கட்டும்," என்றேன். "ஊரே பாத்தாச்சு."