நான்கு பேனாவில் எழுதிய மாத்திரை டைரி

எனக்குப் பொய்யாக எழுதத் தெரியும். அதற்குத்தான் பனியன் கம்பெனியில் எனக்குச் சம்பளம். பெயருக்கு ரெக்கார்டு செக்‌ஷன் என்பார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறான் என்று தகவல் வந்ததும் ஊசி உடைந்த ரெஜிஸ்டர், முதலுதவிப் பெட்டி ரெஜிஸ்டர், தண்ணீர்த் தொட்டி கழுவிய ரெஜிஸ்டர் எல்லாம் என் மேஜைக்கு வரும். மூன்று மாதத்தை ஒரே மத்தியானத்தில் எழுதி முடிப்பேன். நான்கு பேனா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் கையெழுத்து சாய வேண்டும், இன்னொரு பக்கத்தில் அவசரம் தெரிய வேண்டும். பக்க ஓரத்தைக் கொஞ்சம் மடக்கி, ஓரிடத்தில் டீயைச் சிந்திவிட்டால் எந்த ஆடிட்டரும் வாயைத் திறக்க மாட்டான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் திருப்பூரில் கம்பெனிக்குக் கம்பெனி என்னைப் போல் ஒருத்தி இருந்தாள்.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயிற்று வலி என்று ஒரு வருடம் அல்சர் மாத்திரை தின்றார். பிறகு ரத்த வாந்தி எடுத்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள். இரைப்பையின் உள்தோலில் வருவதல்ல, சுவரின் நடுவில், இணைப்புத் திசுவில் வருகிற அபூர்வமான ரகமாம். லட்சக்கணக்கான பேரில் யாருக்கோ வருவது எங்கள் வீட்டு விலாசத்தைத் தேடி வந்திருந்தது. அறுத்து எடுத்தார்கள். ஈரலில் மறுபடி முளைத்தது. வழக்கமான கீமோவுக்கு இந்தக் கட்டி மசியாது என்று மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அது கொஞ்ச காலம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

அப்போதுதான் டாக்டர் புதிய மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அது கடையில் கிடைக்காது. ஆய்வில் சேர்ந்தால் மட்டும் கிடைக்கும். "கட்டிக்குள்ள ஒரு ஸ்விட்ச் ஆன்லயே மாட்டிக்கிட்டு நிக்குது. இந்த மாத்திரை அதைத் தேடிப்போய் ஆஃப் பண்ணும். ஆனா தினமும் ஒண்ணு போடணும். விட்டா ஸ்விட்ச் திரும்ப ஆன் ஆயிடும்" என்றார். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதை வரி வரியாகப் படித்தார். ஆய்வை நடத்தும் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் ஆய்வை நிறுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. அதில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

மாத்திரை பாட்டிலோடு ஒரு டைரியும் கொடுத்தார்கள். தேதி, நேரம், எத்தனை, என்ன தொந்தரவு என்று கட்டம் போட்டிருந்தது. அடுத்த தடவை வரும்போது டைரியையும் மீதி மாத்திரையையும் கொண்டுவர வேண்டும். முதல் மாதம் டைரி வெறுமையாகக் கிடந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "உனக்குத்தான் ரெஜிஸ்டர் எழுதறது தண்ணி பட்ட பாடாச்சே அம்மிணி, நீயே எழுதிப்போடு" என்றார். நான் நான்கு பேனாவை எடுத்தேன். எட்டு பத்து, எட்டு இருபத்தைந்து, எட்டு ஐந்து. ஒரு நாள் லேசான வாந்தி. ஒரு நாள் கண் வீக்கம். நிஜமாகவே மாத்திரை போட்டீர்களா என்று நான் அவரைக் கேட்கவில்லை. ஊசி நிஜமாகவே உடைந்ததா என்று நான் எந்த டெய்லரிடம் போய்க் கேட்டிருக்கிறேன்?

ஆய்வுக்கென்று இருந்த பெண் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களாட்ட யாருமே இவ்வளவு ஒழுங்கா எழுதறதில்லீங்கக்கா." மற்ற நோயாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அவர் வேலைக்குப் போனார், இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாவது ஸ்கேனில் அப்படியே நின்றது. மூன்றாவதில் வளர்ந்திருந்தது. மருந்து கேட்கவில்லை, இனி ஆய்வில் வைத்திருக்க விதியில்லை என்றார் டாக்டர். அவருடைய முகத்திலும் வருத்தம் இருந்தது. 

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பீரோவின் மேல்தட்டிலிருந்து பனியன் போடுகிற பாலிதீன் பை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். எல் சைஸ் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உள்ளே மாத்திரை. எண்ணினேன். அறுபத்தொன்று.

"ஏனுங்க, இது என்னதுங்க?"

"எச்சா எடுத்து வெச்சது. எப்ப வேணாலும் நிறுத்திப்போடுவம்னு அவங்களே எழுதியிருந்தாங்கல்ல. நின்னுபோச்சுன்னா கையில சரக்கு வேண்டாமா?"

நூறு பீஸ் ஆர்டருக்கு நூற்றைந்து வெட்டுகிற கை அது. டேமேஜ் வரும், கறை விழும், எண்ணிக்கை குறைந்தால் பையர் விடமாட்டான் என்று இருபது வருடமாக எச்சாக வெட்டிப் பழகிய புத்தி. முதலில் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். உடம்பு தேறியதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலி பாட்டிலை ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார். மற்றதை என் டைரி பார்த்துக்கொண்டது.

"இதென்ன பனியனுங்களா, எச்சா வெட்டி வெக்கறதுக்கு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி, "தப்புத்தான் அம்மிணி. நீயும் ஒரு வார்த்த கேக்கலியே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. இல்லை, என் மேல்தான் கூட.

மறுநாள் காலையிலிருந்து அந்தப் பையிலிருந்து தினம் ஒன்று கொடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, விழுங்கிவிட்டாரா என்று பார்த்தேன். ஒரு நோட்டு வாங்கி, அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்த உடனே எழுதினேன். காலை எட்டு மணி. ஒன்று. தொந்தரவு இல்லை. ஒரு மாதத்தில் வயிற்று வீக்கம் தளர்ந்தது. வேட்டியை இறுக்கிக் கட்ட முடிந்தது. மீண்டும் இரண்டு தோசை கேட்டார். மாத்திரையால்தானா என்று சத்தியம் பண்ண எனக்குப் படிப்பில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்தேன்.

பையில் ஆறு மாத்திரை இருக்கும்போது நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கோயமுத்தூர் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய டைரி முழுக்க நான் எழுதியது, மருந்து தோற்கவில்லை, நாங்கள்தான் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, தயவுசெய்து திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். 

"மருந்து கேக்காதவங்க கணக்குல அவர் பேர் போயாச்சு. அந்த டைரி பொய்னு இப்ப நான் எழுதி அனுப்புவேன், அது என் கடமை. ஆனா ஒருதடவை வெளிய வந்தவரைத் திரும்ப எடுக்க மாட்டாங்க. உங்களை நம்பித்தானேம்மா அந்த டைரிய உங்க கையில கொடுத்தோம்?" என்றார் டாக்டர்.

எங்கோ ஓர் ஊரில், இதே கட்டியோடு, இதே மாத்திரைக்காகக் காத்திருக்கிறவனின் கணக்கிலும் என் நான்கு பேனா புகுந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்றாலும் வெட்கத்தை விட்டு, இதையாவது பாருங்கள் என்று நோட்டை நீட்டினேன். டாக்டர் வாங்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்த அந்தப் பெண்தான் வாங்கிப் புரட்டினாள். எல்லாப் பக்கமும் நீல மை. எல்லா நாளும் எட்டு மணி. கசங்கல் இல்லை, கறை இல்லை.

அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. இது ஒரே நாள்ல உக்காந்து எழுதினாப்பல இருக்குதுங்க."

நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மீதி ஆறு மாத்திரையையும் அவர் ஆறு நாளில் விழுங்கினார், நானும் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் நான்கு மாதம் இருந்தார். கம்பெனியில் மறுபடி ஆடிட் வந்தது, ஊசி உடைந்த ரெஜிஸ்டரை நான்தான் எழுதிக்கொடுத்தேன்.