இன்னும் பழுக்கவில்லை

தொண்ணூறுகளில் திண்டுக்கல் நத்தம் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். பெயர் தெரியாது. ஒல்லி உடம்பு, தேய்த்த வெள்ளைச் சட்டை, டிங்சர் கறை ஏறிய விரல்கள். கட்டி என்று யார் வந்தாலும் கட்டைவிரலால் மெல்ல அமுக்கிப் பார்த்து, "பழுத்துருச்சு" என்பார், இல்லை "பழுக்கலை" என்பார்.

நான் தமிழ் வாத்தியார். பழு என்ற வினையிலிருந்துதான் பழம் வந்தது, இலையும் கட்டியும் உலையில் இரும்பும்கூடப் பழுக்கும் என்று வகுப்பில் சொல்கிறவன்.

ஒருநாள் முதுகில் கட்டியோடு அவரிடம் போனேன். அமுக்கிப் பார்த்து, அன்றைக்கே கீறிவிட்டார். அடுத்து வந்த ரைஸ்மில் முதலாளிக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. மஞ்சளாக முனை தெரிந்தது.

"ஏலே, சட்டுனு கீறி விடுறா" என்றார்.

"இன்னும் பழுக்கலை முதலாளி. நாளைக்கு வாங்க."

அவர் முனகிக்கொண்டே போனதும், "நல்லாப் பழுத்துத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கம்பவுண்டர் கத்தியைக் கழுவினார். "போன மாசம் மார்க்கெட்டுல அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய அறைஞ்சான் சார்."

மறுநாள் கட்டு மாற்றப் போனேன். முதலாளி தூங்காத கண்களோடு நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாங்க முடியலைய்யா. கீறி விடுங்கய்யா."

கம்பவுண்டர் கட்டியைத் தொடவே இல்லை. கூப்பிய அந்தக் கைகளைச் சற்று நேரம் பார்த்தார்.

"இப்பப் பழுத்துருச்சு" என்று கத்தியை எடுத்தார்.

பிள்ளைகள் அந்த வினைக்கு உதாரணம் கேட்டால் மாம்பழத்தைத்தான் சொல்வேன். மனதில் வருவது அந்தக் கைகள். முதலாளி மேல் பரிதாபம் மட்டும் இன்றுவரை வரவில்லை.