புகைக்கென்று வைத்திருந்த ஃபிலிம்

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணமும் காதுகுத்தும் பிழைப்பு. கரி இன்ஜின் பைத்தியம். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அந்தப் பைத்தியம் தெளிய, பாலாற்றைத் தாண்டிச் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

மெட்ராஸிலிருந்து ரயில் பிரியர்கள் சிலர் ஸ்பெஷல் வண்டி பிடித்து, செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கரி இன்ஜினில் உல்லாசப் பயணம் வருவதாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாலாஜாபாத் ஸ்டேஷனில் சொன்னார்கள். வண்டி மறுநாளே. திரும்பும்போது டீசலாம். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பாதையில் எல்லாமே டீசல்தானாம். டீசலை எவன் படம் எடுப்பான், தகர டப்பா! எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய சீவரம் மலையடி வளைவில், வானம் நிறையக் கரும்புகையோடு இன்ஜின் வரும் ஒரு படம். நாலு வருஷம் அலைந்தும் அது மாட்டவில்லை. இதை விட்டால் இனி கிடையாது.

ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஒன்பதை வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் ஒன்று தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபிலிம் வாங்கக் கடை ஏது? மிச்சம் மூன்றோடும், கேரியரில் மனைவியோடும், அவள் மடியில் புளிச்சோற்றோடும் விடியும்போதே கிளம்பிவிட்டேன்.

வளைவுக்கு எதிரே நின்றிருந்தோம். இன்ஜின் கூவல் கேட்டதும் கேமராவைத் தூக்கினேன். மலைக்குப் பின்னால் புகை எழுந்தது. வளைவில் இன்ஜின் தலை காட்டியது. டிரைவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், புகை பொசுக்கென்று அடங்கிவிட்டது. வண்டி நகர்ந்து நகர்ந்து வர, அவர் தலையை வாரிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றார். பதற்றத்தில் தூரத்திலேயே அமுக்கிவிட்டேன்; அவர் மூஞ்சிகூடக் கடுகளவுதான் விழுந்திருக்கும். ஒன்று போச்சு.

“அடப் பாவி மனுஷா!” என்று வாய்விட்டே கத்தினேன்.

அப்புறம் நடந்ததை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. வண்டி நின்றது. பிரியர்கள் எல்லோரும் கேமராவோடு குதித்தார்கள். அவர்கள் படம் எடுப்பதற்காகவே வண்டி பின்னால் போய் மறுபடி ஓடி வருமாம்! வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, “இன்னாடி, எதையாவது வுட்டுட்டு வந்துட்டானுங்களா?” என்றாள். நான் இன்ஜினை நோக்கி ஓடினேன்.

“அண்ணே, புகைய ஏன் நிறுத்துனீங்க?”

“நீ போட்டோ புடிக்கிறதப் பாத்துதான் நிறுத்துனேன் நைனா. புகை வந்தா மூஞ்சி எப்டித் தெரியும்? இருவது வருசமா இத ஓட்டிக்கினு கீறேன். இதும்மேல நின்னு ஒரு போட்டோ இல்ல.”

“ஸ்டூடியோவுக்கு வாங்க, ஜம்முனு எடுத்துத் தரேன்.”

“மலை வரைஞ்ச படுதா முன்னாடி நின்னா, நான் டிரைவர்னு எவன் நம்புவான்?”

நியாயம்தான். மூஞ்சிக்கு ஒன்று, புகைக்கு ஒன்று என்று பேசி முடித்தோம். அவர் நின்றார். நான் அமுக்கிய அதே நொடியில் அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி சீற, இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மூடிட்டேன் போல கீதே,” என்றார் அவரே.

எங்கள் தொழிலில் கண் மூடிய படத்தை உயிரோடிருப்பவர் கையில் கொடுக்க மாட்டோம். அந்த மாதிரிப் படம் சாவு வீட்டில்தான் எடுப்பது. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் பெண்டாட்டி பதறிப்போவாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆவியைப் பிடித்துக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. நாலு வருஷத்து ஆசை அந்தக் கடைசி ஃபிலிமில் இருந்தது.

“கண்ண நல்லாத் தொறந்து வைங்க,” என்றேன். முழியை உருட்டிக்கொண்டு நின்றார். எடுத்தேன்.

திரும்பி ஓடி வந்ததும் மனைவி கேட்டாள்: “ஃபிலிம் கீதா?”

“தீந்துபோச்சு.”

வண்டி வந்தது. அப்பா, அது என்ன வரத்து! மலையையே மறைத்துக்கொண்டு கன்னங்கரேலென்று புகை. தண்டவாளம் அதிர, என் காலும் சேர்ந்து அதிர்ந்தது. களை எடுத்தவர்கள் எழுந்து நின்று கூவினார்கள். டிரைவர் எட்டிப் பார்த்து என்னைத் தேடினார். காலிக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். கிளிக், கிளிக், கிளிக். புளிச்சோற்றில் கரி விழுந்தது. அவளும் நானும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

படத்தைக் கழுவி, செங்கல்பட்டில் அவரைத் தேடிப் போய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். முழி கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்திருந்தது. அவருக்குப் பரம திருப்தி.

“புகைப் படம் எங்க? உனக்கோசரம் அன்னிக்கி அவ்ளோ கரி போட்டோம். அதுலயும் எனக்கு ஒரு காப்பி குடு.”

மறைக்க மனம் வரவில்லை. மிச்சமிருந்த ஃபிலிம் இரண்டும் அவர் மூஞ்சிக்கே போனதைச் சொல்லிவிட்டேன். கையிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப எதுக்குய்யா கிளிக்கு கிளிக்குன்னு அமுக்கிக்கினு நின்ன?”

“நீங்க பாத்துக்கினு இருந்தீங்களே அண்ணே,” என்றேன்.