பாதியில் பேசிய படம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரகரமும் றகரமும் இன்னும் தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று வீட்டுத் தொலைக்காட்சியில் சத்தம் நின்று, வாய்கள் மட்டும் அசைந்தன. உடனே மனம் எண்பதுகளின் பாரிஸுக்கு, நம் ஆட்கள் கூடும் லா சப்பலுக்கு ஓடிவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்போது உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். கையில் எந்நேரமும் சவர்க்கார மணம். அந்த மணத்தோடுதான் ஜெசிந்தாவைக் காதலித்தேன், அவளுக்குத் தெரியாமல். என் அறை நண்பன் அந்தோனியின் தங்கை. மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். இங்கு வந்து பிரெஞ்சும் கற்று, எனக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வாள். "அண்ணை" என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிறன்று அவளைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து மாப்பிள்ளை வர இருந்தார். அதற்குள் சொல்லியாக வேண்டும். எனக்கோ வாய் வராது.

பக்கத்துச் சின்னத் திரையரங்கில் பழைய காதல் படம் ஒன்று. விளம்பரத்தில் 'மூயே' என்ற சொல் மட்டும் புரிந்தது. ஊமை. நான் பேசாததால் சமையல்காரர் என்னை அப்படித்தான் அழைப்பார். பிரெஞ்சு தேவைப்படாது என்று அண்ணனையும் தங்கையையும் மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். இரவு வேலை முடித்து வந்த அந்தோனி உட்கார்ந்ததும் குறட்டை.

ஊமைப்படத்தில் எழுத்து வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஜெசிந்தா அதை வாசித்து, என் காதருகே தமிழில் சொன்னாள். கதை கேட்கிறவன் 'ம்' கொட்டுவதுபோல 'ஓம்' சொல்லாமல் சும்மா இருக்கலாமா?

"கடலுக்குப் போறானாம்."

"ஓம்."

"இவள் காத்திருப்பாளாம்."

"ஓம்."

பாதியில் கதாநாயகன் வாய் திறந்து பேசிவிட்டான். கதிரையில் துள்ளினேன். பேசும் படம் வந்த புதிதில் அப்படிப் பாதிப்பாதியாக எடுத்தார்களாம்; பின்னால் அறிந்தது. பேச்சு ஆங்கிலம், கீழே பிரெஞ்சு எழுத்து.

"என்ன அண்ணை, ஊமை எண்டு கூட்டிக்கொண்டு வந்தனீங்கள், கதைக்குது."

"இப்பதான் சுகமாகியிருக்கும்."

அவள் சிரிக்க, முன்னால் இருந்த கிழவி திரும்பி முறைத்தாள். குரல் இன்னும் சன்னமானது. வாய் காதுக்கு இன்னும் கிட்ட வந்தது. கிழவி நன்றாக இருக்கட்டும்.

திரையில் நாயகி ஏதோ கேட்டாள்.

"என்னைக் கலியாணம் கட்டுவீங்களோ..."

"ஓம்," என்றேன்.

"...எண்டு கேக்கிறாள்," என்று அவள் முடித்தாள்.

அந்த 'எண்டு' வருவதற்குள் என் 'ஓம்' போய்விட்டது. இருவரும் திரையையே பார்த்தோம். நாயகன் பதில் சொன்னான். அவள் வாசிக்கவில்லை.

"அவன் என்ன சொல்லுறான்?"

"அவன் கிடக்கட்டும். நீங்கள் ஆருக்கு ஓம் சொன்னனீங்கள்?"

இந்த முறை 'அண்ணை' என்று அவள் சொல்லவில்லை. என் நெஞ்சு அடித்த அடியில் அந்தோனி எழும்பிவிடுவான் என்று பயந்தேன்.

"உங்களுக்குத்தான்."

"அப்ப ஞாயிறுக்கு முந்தி அண்ணனிட்டைச் சொல்லுங்கோ. இப்ப எழுப்பாதேங்கோ, பாவம்."

சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஜெர்மனிக்காரரை வர வேண்டாம் என்று அவனே அறிவித்தான்.

அந்தத் திரையரங்கு இப்போது இல்லை. அங்கே கைபேசி விற்கிறார்கள். படத்தின் பெயரை மூவருமே கவனிக்கவில்லை. கடைசியில் படத்துக் காதலர்கள் சேர்ந்தார்களா என்று பிள்ளைகள் கேட்கும்போது, நானும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு முடிவு சொல்கிறோம்.

கார்த்திகை 14, சனிக்கிழமை.