பக்கத்துக்கு எல்லாரையும் அழைத்தேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வாழ்த்து வந்தபோது நான் பசாரில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் 'தஹ்னியா' என்று சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் சித்தி எழுதியிருந்தார். வாழ்த்துச் சொல்லும் மலாய்ச் சொல் அது. இந்த ஊரில் தமிழரோ சீனரோ, அதைப் படிக்கத் தெரியாதவர் இல்லை.

நான் விண்ணப்பித்திருந்த பயிற்சி வேலை கிடைத்த செய்தி எனக்கு முன்னால் சித்திக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. சமூக ஊடகத்தில் இருக்கும் என் பக்கத்தைத் திறந்து மேலே போய்ப் பார்த்தேன். வாழ்த்து வேலைக்கு அல்ல, நான் கர்ப்பமாக இருப்பதற்கு.

நான் கர்ப்பமாக இல்லை.

பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு, சனிக்கிழமைகளில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய் மார்க்கெட்டிங் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் சமூக ஊடகத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு பாடம். ஆளுக்கொரு பக்கம் தொடங்க வேண்டும். அதில் வீட்டு விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் வேலையை மட்டும் காட்ட வேண்டும். விரிவுரையாளர் சொன்ன அத்தனையையும் நான் அப்படியே செய்தேன். ஓர் இடத்தில் மட்டும் தவறினேன்.

பக்கம் தயாரானதும், யாரை அழைக்கிறீர்கள் என்று செயலி கேட்டது. பெயர்கள் வரிசையாக வந்தன. வகுப்புத் தோழிகளை மட்டும் தேர்ந்தெடுக்க நினைத்தேன். அடுத்து நாத்தனார் பெயர் வந்தது. அவரை விட்டால் என்ன நினைப்பார்? அவரை அழைத்துவிட்டு அவர் மாமியாரை எப்படி விடுவது? எங்கள் வீடுகளில் ஒரு கல்யாணப் பத்திரிகை போகாததால் வருஷக்கணக்கில் பேசாதவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் எல்லாரையும் அழைத்துவிட்டேன். மரியாதையாக நடந்துகொண்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு ஒரு சிறு கேக் கடை தன் வாடிக்கையாளர்களுக்கு எப்படிப் பதில் எழுதலாம் என்று ஒரு பதிவு போட்டேன். கூடவே, பாஜு கூரோங் உடுத்தி மடிக்கணினியோடு நிற்கும் என் படம். அந்தத் தொளதொளப்பான உடையைப் பார்த்துவிட்டு என் கணவரின் பெரியம்மா கீழே எழுதியிருந்தார்: 'முகத்துல களை வந்திருக்கு. மாசமா இருக்கியாம்மா? இந்தத் தடவ பையன்தான்.' அதற்குக் கீழே சித்தியின் தஹ்னியா, நாத்தனாரின் பால்புட்டிப் படம், முன்வீட்டு மலாய் அக்காவின் இதயங்கள்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன ஹோட்டல், தன் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளப் பயிற்சிக்கு ஆள் தேடியது. பயிற்சி முடிக்காமல் டிப்ளோமா கிடையாது. சின்னப் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்ததும் வேறு இரண்டு இடங்களில் அழைப்பதாகச் சொல்லிவிட்டு அழைக்கவே இல்லை. இந்த ஹோட்டலின் மேலாளர், ஒரு சீனப் பெண்மணி, "ஞாயிறு உங்கள் பக்கத்தைப் பார்க்கிறேன், திங்கள் வாருங்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

வாங்கிய மீனைக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடத் தோன்றாமல் சமையலறையில் நின்றேன். அந்தக் கருத்தை மறைக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் சனிக்கிழமைகளில் பாகான் டாலாமில் என் மகளைப் பார்த்துக்கொள்பவர் அதே பெரியம்மாதான். தான் எழுதியதை எத்தனை பேர் விரும்பினார்கள் என்று அடிக்கடி போய்ப் பார்ப்பவர். மறைத்தால் தெரிந்துவிடும். பயிற்சி கிடைத்தால் வாரம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று அவரிடம் நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. தினமும் கேட்க நினைப்பேன், குரல் வராது.

அழைத்தேன்.

"பெரியம்மா, சாப்ட்டாச்சா?"

"கோழி அடுப்புல இருக்கும்மா. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? வாந்தியா?"

"வாந்தியெல்லாம் இல்ல. பெரியம்மா, நான் மாசமா இல்ல."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. "போட்டோல அப்படித் தெரிஞ்சிச்சே."

"அது பாஜு கூரோங். யாரு போட்டாலும் அப்படித்தான் தெரியும்."

"சரி, இல்லன்னா இல்ல. அதுக்கு ஏன் பயந்தாப்புல பேசுற?"

"வேலை குடுக்கிறவங்க இன்னைக்கு அதப் பாப்பாங்க. அந்தப் பக்கம் ஆபீஸ் மாதிரி, பெரியம்மா."

"ஆபீஸுன்னா வாசல்ல கார்டு நிப்பான். யாரப் பாக்கணும்னு கேப்பான். இங்க ஒருத்தனும் கேக்கலயே. நீதானே என்னைய வாங்கன்னு கூப்ட்ட."

"நான் அத எடுத்துடவா? கோவிச்சுக்காதீங்க."

"நீ ஏன் எடுக்கிற? நான் எழுதினத நானே எடுக்கிறேன். எனக்குத் தெரியும்லா" என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அது மறைந்தது. அதோடு தஹ்னியாவும் பால்புட்டியும் இதயங்களும் போயின. மீனைக் கழுவ ஆரம்பித்தேன். மறுபடி கைப்பேசி அதிர்ந்தது. பெரியம்மா அதே இடத்தில் இப்போது ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மன்னிக்கவும், என் தப்பு. இவள் கர்ப்பமாக இல்லை. நல்ல உழைப்பாளி. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து இவளுக்கு வேலை கொடுங்கள். கடைசியில் கும்பிடும் கைகள்.

ஈரக்கையோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு முறை அழைத்து இதையும் எடுங்கள் என்று சொல்ல முடியுமா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுதியதன் கீழ் ஒரு விருப்பக்குறி விழுந்தது. ஹோட்டலின் பெயரில்.

ஜுரு தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்த கணவர் படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தானே எழுதியிருக்கு. அப்ளிகேஷன்ல இவ்ளோ தெளிவா நீகூட எழுதல."

"என்னங்க, வேலைக்குக் கெஞ்சுற மாதிரி இருக்கு."

"விடுலா. அவங்க பாத்தாச்சு. இப்போ எடுத்தா அதவிட மோசம்."

அது சரிதான். எடுக்கவில்லை.

மறுநாள் ஃபெரியில் கேக் கடைத் திட்டத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன். மேலாளர் அதைப் பற்றி நிறையக் கேட்டார். பிறகு, யாராவது ஹோட்டல் பக்கத்தில் தவறாக எதையாவது எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"முதலில் அவரிடம் பேசுவேன். அவரே எடுப்பது நல்லது" என்றேன்.

"எடுத்துவிட்டு இன்னொன்று எழுதினால்?"

"அதில் பொய் இல்லையென்றால் விட்டுவிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "உங்கள் பெரியம்மா சனிக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்வாரா, வாரம் முழுக்கவா?"

கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் நேர்மையான பதில். அந்த இரண்டு இடங்களில் அப்படிச் சொல்லித்தான் வெளியே வந்தேன். இந்த முறை, "வாரம் முழுக்க" என்றேன். வரும் வாரம் வந்து சேரச் சொன்னார்.

திரும்பும் ஃபெரியில் சந்தோஷமே வரவில்லை. கேட்காத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பாகான் டாலாமில் பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட வேண்டும், உள்ளே போனால் மறுபடி குரல் வராது என்று சொல்லிக்கொண்டேன். காலையில் நான் விட்டுப்போன என் மகளுக்கு அவர் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, வேலை கிடைச்சிருச்சு. ஆனா தினமும் போகணும். பாப்பாவ..."

"அதான் எழுதிட்டேனே" என்றார், தலை நிமிராமல். "ஊரே பாத்துருச்சு. இனிமே மாட்டேன்னு சொன்னா உன் சித்தி சும்மா விடுவாளா?"

ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டார். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தேன். எனக்கு அந்த வேலை கிடைத்தது என் கேக் கடைத் திட்டத்தாலா, அந்தக் கும்பிடும் கைகளாலா? மேலாளரிடம் நான் கேட்டதில்லை. ஒருநாள் கேட்கலாம் என்று நினைக்கிறேன், பிறகு வேண்டாம் என்று நினைக்கிறேன்.