வாசலோடு திரும்பிப் போனவர்களுக்கு

அக்காவின் ஓராண்டுப் பூசைக்குத் தேவாலயம் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! உங்களில் பலரை, அக்காவின் கடைசி மூன்று மாதங்களில், வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். நன்றி சொல்லுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா ராயப்பன்பட்டியில் பிறந்தார். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அன்றிலிருந்து எனக்குத் தலை சீவிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், வாத்தியாரிடம் எனக்காகச் சண்டை போட்டதும் அவர்தான். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. பந்தலுக்கடியில் நின்று கொடியைக் கவாத்து வெட்டுவது, கொத்தில் பிஞ்சு கழிப்பது, எல்லாமே அண்ணாந்தபடிதான். மருந்துத் தூள் கண்ணில் விழும், இலை இடுக்கில் வெயில் சொட்டும், கழுத்து மட்டும் இறங்காது. மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த சமயத்தில் அக்காவைக் கட்டிய மச்சான் பாம்பு கடித்து இறந்தார். பிள்ளைகள் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே அக்கா பந்தலுக்கடியில் நின்றார். “வீட்ல உக்காந்தா மேல பாக்க ஒண்ணுமில்லடா” என்றார்.

வயிற்றுவலி என்று மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புற்று, ஈரல்வரை பரவிவிட்டது, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் இருந்த அக்காவிடம் “குடல்புண்” என்றேன்.

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் அத்தனையும். நம் ஊரில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வரிசையாக வந்தால் படுத்திருப்பவருக்கு விளங்கிவிடும். சாகக் கிடப்பவர் நெற்றியில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்குப் பங்குச் சாமியார் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே இரும்புக் கேட்டைச் சாத்திவிட்டு நானே காவல் நின்றேன்.

சின்னமனூர்ச் சித்தி வந்தார்.

“தூங்குறாக, சித்தி. டாக்டர் யாரையும் விடக்கூடாதுன்ட்டாரு.”

“ஏலே, ஒனக்கு மூக்குச் சளி தொடச்சு விட்டவ நானு. தள்ளுடா.”

“பழத்த மட்டும் குடுத்துட்டுப் போங்க.”

“நீயே தின்னு. ஒனக்குத்தான் நோக்காடு!”

பங்குச் சாமியாரையும் தடுத்தேன். “எண்ணெயப் பாத்தா பயந்துருவாக, சாமி. நானே ஆள் அனுப்புறேன்.” அது சாவுக்கான எண்ணெய் இல்லையப்பா, நோயாளிக்குத் தெம்பு தரத்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நான் ஆள் அனுப்பவே இல்லை. இருபது வருடம் அக்காவோடு ஒரே பந்தலில் நின்ற உத்தமபாளையத்து மும்தாஜ் அக்கா மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டு நடந்துபோனார்.

நான் உள்ளே விட்டது ஒருவரைத்தான். முன்பு நர்ஸாக இருந்து, இப்போது மதுரையில் ஆய்வு செய்யும் பெண். கடைசிக் காலத்தில் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களைப் பற்றியது அவருடைய ஆய்வு. நோயின் பெயரை உச்சரிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தேன். வலிமருந்தை நேரம் தவறாமல் கொடுக்கவும், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைக்கவும் எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். ஒரு மதியம், “அக்காகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்ங்க” என்றார். நான் கேட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் அக்கா போய்விட்டார். பந்தலைப் பார்ப்பதுபோலக் கூரையைப் பார்த்தபடியே. நெற்றியில் எண்ணெய் இல்லை.

மூன்று மாதத்துக்குப் பின் அந்தப் பெண் மறுபடி வந்தார். இறப்புக்குப் பிறகு குடும்பம் எப்படி இருக்கிறது என்பதும் ஆய்வில் ஒரு பகுதியாம். தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, குற்றவுணர்ச்சி உண்டா? இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “நான் போன பெறகு தம்பிகிட்ட குடுன்னாங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதினதுங்க.”

“செவ்வாக்கெழம சின்னமனூர்ச் சித்தி வந்தாக, சத்தம் போட்டாக. வெள்ளிக்கெழம சாமி வந்தாக, எண்ணெயோட. மும்தாஜு மூணு தடவ வந்தா. கடைசித் தடவ பேசல. அவ செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.” இப்படிப் பதினேழு பேர். படுத்தபடியே, கேட்டில் வந்து நின்ற ஒவ்வொருவரையும் காதால் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் காதில் விழுவதைத் தம்பியிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். பதில் அடியில் இருந்தது.

“எனக்கு என்னன்னு மதுரை பெஞ்சுலயே தெரிஞ்சுபோச்சு. அவன் மூஞ்சிய ஆறு வயசுல இருந்து பாக்குறேன். என்னையக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டு கேட்டுல நிக்கிறான். அந்த வேலையவும் புடுங்கிட்டா, பாவம், அவன் என்ன செய்வான்? எண்ணெ மட்டும் வாங்கியிருக்கலாம். சரி, விடும்மா.”

என்னால் விட முடியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அக்காவின் வலியைக் குறைத்த டாக்டருக்கும், தாளைப் பத்திரமாக வைத்திருந்து தந்த அந்தப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின்னட்டையில் அந்தப் பதினேழு பெயர்களும் அக்கா சொன்ன வரிசையிலேயே உள்ளன. வந்து நின்றீர்களே, அதற்கு நன்றி. உங்கள் காலடிகள் அக்காவுக்குக் கேட்டன.

பூசை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். கட்டில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. கேட்டில் நான் நிற்க மாட்டேன். சாமியாரும் வருகிறார், இந்தத் தடவை எண்ணெய் இல்லாமல், வெறுங்கையோடு.